நாயைப் பிள்ளை என்று கூப்பிடலாமா? தாராளமாக, ஆனால்...

எங்கள் குடும்பத்தில் பல வருடமாக ஓயாத சண்டை ஒன்று உண்டு. நாயைப் பிள்ளை என்று சொல்லலாமா, கூடாதா? தாம்பரத்தில் இருக்கும் அக்கா, தன் லாப்ரடார் லியோவை வீட்டுக்கு வந்த அன்றிலிருந்தே "என் சின்னப் பையன்" என்றுதான் சொல்லி வந்தாள். மாமாவுக்கு ஃபோன் போட்டால் முதல் கேள்வி "சின்னவன் சாப்பிட்டானா?" என்பதுதான், கல்லூரி விடுதியில் இருக்கும் பெரியவன் சாப்பிட்டானா என்பதெல்லாம் அப்புறம். அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "நாய்க்கு நான் பாட்டியாடா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க" என்பார். சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு நாய் செவலைக்கென்று தயிர் சாதத்தில் ஒரு கை எடுத்துத் தனியாக மூடி வைப்பவரும் அவர்தான், அதை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது. என் மகளுக்குச் செவலை தம்பி. என் மனைவி எந்தக் கட்சியிலும் சேராமல், நடைக்குக் கூட்டிப் போவது யார் என்று மட்டும் கேட்பாள்.

என் கட்சி என்னவென்றால், கூப்பிடுவதில் ஒன்றும் இல்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனால் பிள்ளை வளர்ப்பதில் கொஞ்சுவது ஒரு பாதி, பொறுப்பு ஒரு பாதி. நான் பார்த்த வரையில் நாயைப் பிள்ளை என்பவர்களில் நிறையப் பேர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கேக் வெட்டுவார்கள், ஃபிராக் மாட்டுவார்கள், தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டால் தேடுவார்கள். நாய்க்கு உண்மையில் வேண்டியது அந்த இரண்டாவது பாதி.

அக்கா பக்கத்து நியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் விடமாட்டாள். 1998-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர்கள், தாய்க்கும் கைக்குழந்தைக்கும் உள்ள ஒட்டுதலைச் சோதிக்கும் முறையை நாய்களிடம் செய்து பார்த்தார்கள். பழக்கமில்லாத அறை, வளர்ப்பவர் எழுந்து வெளியே போகிறார், யாரோ தெரியாத ஆள் உள்ளே வருகிறார், பிறகு வளர்ப்பவர் திரும்புகிறார். குழந்தைகள் நடந்துகொள்வது போலவே பெரும்பாலும் நாய்களும் நடந்துகொண்டன. 2015-இல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில், நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுவதாகக் கண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் வேலை செய்யும் அதே ஹார்மோன்தான். ஆக, பாசம் பொய் இல்லை, இரண்டு பக்கமும் நிஜம்.

ஆனால் பாசம் ஒன்று, வயது ஒன்று. 2020-இல் அமெரிக்காவில் லாப்ரடார்களின் டிஎன்ஏ-வை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் என்பது ஏறக்குறைய முப்பது வயது மனிதர். அதாவது முதல் பிறந்தநாளுக்குத் தொப்பி போட்டு உட்கார வைத்திருக்கிறோமே, அது கல்யாண வயதைத் தாண்டிய ஆள். நாம்தான் ஆயுசுக்கும் "குட்டிமா" என்கிறோம்.

இதன் முதல் விளைவு தட்டில் தெரியும். அக்கா வீட்டில் லியோவுக்குக் காலையில் மேரி பிஸ்கட், பத்து மணிக்கு இட்லி, மதியம் சோறும் சிக்கனும், சாயங்காலம் மாமா பஜ்ஜி சாப்பிட்டால் அதில் பங்கு. "பசிக்குதுன்னு கண்ணாலயே கேக்கறான்டா, பெத்த மனசு கேக்குமா?" என்பாள். லாப்ரடார் அப்படித்தான் கேட்கும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தது இது: லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் குறை இருக்கிறது, வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காது. அந்தக் கண்ணை நம்பிச் சோறு வைத்தால் முடிவே கிடையாது. இன்னொரு ஆய்வு, இதை நான் அக்காவிடம் பலமுறை சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன், பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியிட்டது. ஒரு கூட்டத்துக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. அந்தக் குறைவாகச் சாப்பிட்ட கூட்டம் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தது, மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. நாய்க்கு இரண்டு வருடம் என்பது சாதாரணமா?

வீட்டில் தராசு வேண்டாம். நாய் நிற்கும்போது இரண்டு பக்க விலாவிலும் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் சோற்றைக் குறைக்கும் நேரம். செவலைக்கு எங்கள் வீட்டில் ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர்தான் அளவு. யார் வைத்தாலும் அந்த டம்ளர்தான், அம்மாவின் தயிர் சாதமும் அதற்குள்தான் அடங்க வேண்டும் (அடங்குவதில்லை, அது வேறு கதை).

நம் வீட்டுச் சாப்பாட்டில் கொடுக்கவே கூடாதது எது என்பதும் பலருக்குத் தெரியாது. சாக்லேட் ஆகாது என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், ஆனால் கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே நிறுத்திவிடும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். திராட்சைப் பழமும் அப்படித்தான். சாம்பார் வெங்காயம், குழம்பில் அரைத்த வெங்காயம், பூண்டு எல்லாம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பிரியாணிக் குஸ்காவை "பீஸ் இல்லாமத்தானே போடறேன்" என்று போடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு நேரடி விஷம். பிள்ளைக்குக் கொடுப்பதைத்தானே கொடுக்கிறோம் என்ற நினைப்பில்தான் இது அத்தனையும் நடக்கிறது.

மருந்து இன்னும் மோசம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை எடுப்போம். தெரிந்தவர் ஒருவர் தன் பூனை சுருண்டு படுத்திருக்கிறதே என்று அரை மாத்திரையைப் பாலில் கரைத்து ஊட்டினார். நல்ல எண்ணம்தான். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது. ஈறு நீலம் பாரித்து, முகம் வீங்கி, மருத்துவரிடம் போவதற்குள் முடிந்துவிட்டது. நாய்க்கும் வலி மாத்திரை எதையும் நம் டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள், இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். மருத்துவருக்கு ஃபோன் போடுங்கள், அவ்வளவுதான்.

சரி, எந்த இடத்தில் பிள்ளை என்ற நினைப்பு உதவும்? வாய் திறந்து சொல்லத் தெரியாத கைக்குழந்தையை எப்படிக் கண் கொத்திப் பார்ப்போமோ, அந்தக் கவனிப்பில். செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது எங்களுக்குத் தெரிந்ததே அப்படித்தான். தெருவில் எடுத்த குட்டி, சோற்றைக் கண்டால் பாத்திரத்தோடு விழுங்கும் ரகம். ஒருநாள் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மனைவிதான் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துப் போயிருந்தது. விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் வந்தது. அன்றைக்கே வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903-இலிருந்து இருக்கும் இடம். காலையில் போய் வரிசையில் உட்கார்ந்தால் ஆடு, பசு, கிளி, நாய் என்று உலகமே நம்மோடு உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) குறைந்திருந்தன. எர்லிச்சியா என்ற கிருமி, பழுப்பு உண்ணி கடிப்பதால் வருவது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை 28 நாள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார்கள். இரண்டாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் அதிகம், கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

அதிலிருந்து சாயங்காலம் டிவி முன்னால் உட்காரும்போது செவலை என் மடியில் தலை வைத்துப் படுக்கும், நான் உண்ணி பார்ப்பேன். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல்களின் இடுக்கு, வாலுக்குக் கீழே. சின்ன உண்ணி எள் அளவுதான் இருக்கும், விரல் இடுக்கில் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். ரத்தம் குடித்ததோ சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடக்கும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது, எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்குப் பேன் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். செவலை இதைக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நானும் திருத்தவில்லை.

சட்டை, ஷூ விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் கொஞ்சம்தான், உடம்புச் சூடு இறங்குவது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதால். சென்னை மே மாதத்தில் அதற்கு வெல்வெட் சட்டை போட்டு ஃபோட்டோ எடுப்பது நம் ஆசைக்காக. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அதுகூட முடியாது, மூச்சே திணறும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், தாங்க முடியவில்லை என்றால் அது நடக்கும் நேரம் இல்லை.

அடுத்தது கொஞ்சம் உறைக்கும். பெற்றவர்களுக்கு இருக்கும் கண்மூடித்தனம் இருக்கிறதே, "எங்க புள்ளை அப்படிப்பட்டவன் இல்ல" என்பது, அது அப்படியே நாய்க்கும் வந்துவிடுகிறது. லிஃப்டில் பட்டை இல்லாமல் நாயை ஏற்றிக்கொண்டு, மூலையில் ஒடுங்கி நிற்கும் ஆளிடம் "ஒண்ணும் பண்ண மாட்டான் சார், குழந்தை மாதிரி" என்பார்கள். குழந்தைக்கு 42 பல்லும் அந்தத் தாடையும் கிடையாதே. பயப்படுகிறவருக்குப் பயப்பட உரிமை உண்டு. குடியிருப்புச் சங்கம் நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே சமயம் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆவது பிரிவில், தன் வசம் உள்ள விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்று இருப்பதை யாரும் சொல்வதில்லை.

வீட்டில் நிஜக் குழந்தையும் நாயும் சேர்ந்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "தம்பிதானே" என்று மகள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மனிதக் குழந்தைக்கு அது அன்பு, பல நாய்களுக்கு அது பிடித்து அமுக்குவது. கடிப்பதற்கு முன்னால் நாய் பலமுறை சொல்லிப் பார்க்கும். முகத்தைத் திருப்பும், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், உடம்பு விறைக்கும். கடைசியாகத்தான் உறுமல். உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். மகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது: நீ கூப்பிடு, அது வந்தால் தடவு, எழுந்து போனால் விட்டுவிடு, சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டவே போகாதே. அப்படியும் பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது. ரேபிஸ் வந்த பிறகு பிழைப்பது என்பது கிட்டத்தட்ட இல்லை.

கருத்தடை என்றாலும் பெற்ற மனசு வந்து நிற்கும். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா, "ஒரு தடவையாவது தாய்மையை அனுபவிக்கட்டுமே, பொண்ணாச்சே" என்று தன் பெண் நாய்க்குச் செய்யாமலே தள்ளிப் போட்டார். வயதான பிறகு, சூடு (இணை தேடும் பருவம்) வந்து போன சில வாரத்தில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது, வாந்தி, வயிறு உப்பல். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ராத்திரியோடு ராத்திரியாக அறுவை செய்துதான் காப்பாற்றினார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயதானால் இது அடிக்கடி வரும் நோய். நாய்க்குத் தாய்மை ஏக்கம் எல்லாம் கிடையாது, நம் ஏக்கத்தைத்தான் அதன் தலையில் கட்டுகிறோம்.

குழந்தை இல்லாதவர்கள் நாய் வளர்த்தால் சொந்தபந்தம் பேசும் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் போப் பிரான்சிஸ், குழந்தை வேண்டாம் என்று நாய், பூனை வளர்ப்பதைச் சுயநலம் என்று சொல்லி உலகம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் ஊரில் அதற்குப் போப் தேவையில்லை, கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தி பெரியம்மாவே போதும். என் மனைவியின் தோழி ஒருத்தி பல வருடம் சிகிச்சை எடுத்து ஓய்ந்தவள். இரண்டு பூனை வளர்க்கிறாள். அவளிடம் "அதான் ரெண்டு பெத்து வச்சிருக்கியே" என்று சிரித்தார் ஒருவர். அவள் தன் பூனைகளை என்ன சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கு என்ன?

எனக்குக் கோபம் வருவது நேர் எதிரான கூட்டத்தின் மேல். அலுவலகத்தில் ஒரு ஜோடி, பூனைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம், "எங்கள் மூத்த மகள்" என்று பெயர். கர்ப்பம் என்று தெரிந்த அதே மாதம் பூனையை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று குரூப்பில் செய்தி. பூனையிடமிருந்து தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி மேல் பயம். பயம் நியாயம்தான், வழி இருக்கிறது. பூனையின் மலத்தில் அந்தக் கிருமி வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வீட்டில் வேறு யாராவது தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால், பச்சைக் கறி தொட்டால் கை கழுவினால், பூனையை வெளியே வேட்டைக்கு விடாமல் இருந்தால் போதும். கணவர் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை. மூத்த மகளை யாராவது குரூப்பில் போட்டுக் கொடுப்பார்களா?

லியோவுக்குப் பன்னிரண்டு வயது தாண்டியபோது பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன, சிறுநீரகமும் போய்விட்டது. படுத்த இடத்திலேயே எல்லாம். மாமா ராத்திரி எழுந்து எழுந்து துணி மாற்றுவார். வலி மருந்து வேலை செய்யவில்லை, கருணைக் கொலை பற்றி யோசியுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது அக்கா எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரி எனக்கு ஃபோன். "உன் பொண்ணா இருந்தா ஒத்துப்பியாடா?"

பொண்ணாக இருந்தால் அந்த முடிவு நம் கையிலேயே இருந்திருக்காது அக்கா, என்றேன். நாய் என்பதால்தான் வலியை நிறுத்தும் வழி நம்மிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் இருப்பது லியோவுக்காகவா நமக்காகவா என்று பார். அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். மருத்துவர் அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்: தானாகச் சாப்பிட்டதா, எழுந்து உட்கார்ந்ததா, ஆளைக் கண்டு வாலாட்டியதா என்று காலண்டரில் தினமும் குறித்து வா, கெட்ட நாள் நல்ல நாளைத் தாண்டினால் கூப்பிடு. மாமாதான் குறித்தார். அவளே ஒருநாள் அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாள். மருத்துவர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகு இரண்டாவது ஊசி. வலியே தெரியாது, கண் மட்டும் மூடாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அருகில் இருக்க முடிந்தவர் இருக்கலாம். அக்கா கடைசி வரை தலையை மடியில் வைத்திருந்தாள்.

இப்போது அவள் இன்னொரு குட்டி எடுக்கப் போகிறாளாம். இந்த முறை ராஜபாளையம் வேண்டும் என்கிறாள். வெள்ளை வெளேர் என்று இருக்கும் அந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு, பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து எடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்புறம் அவளுக்கும் மாமாவுக்கும் வயது அறுபதை நெருங்குகிறது, நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். நடுவில் இவர்களுக்கு ஏதாவது ஆனால் அதை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைப் பிள்ளை பெற்ற எல்லோரும் கேட்டிருப்பார்கள், நாய் வளர்ப்பவர்கள் கேட்பதே இல்லை. சட்டப்படி நாய் ஒரு சொத்து, அதன் பெயரில் பணம் எழுதி வைக்க முடியாது. பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் ஒரு ஆளைப் பிடித்து, அவர் பெயரில் அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கி, தடுப்பூசி அட்டை, மருத்துவர் எண், சாப்பாட்டு அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் வழி.

செவலைக்கு நாங்கள் பிடித்த ஆள் மதுரையில் இருக்கும் என் மச்சான். ஒப்புக்கொண்டான், ஆனால் வந்தால் மொட்டை மாடியில்தான் இருக்க வேண்டும், கட்டிலில் ஏறக் கூடாது என்றான். கட்டில் விஷயத்தில் மட்டும் என் மகள் இன்னும் அவனோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறாள்.